மாடிப்படிக்கு அடியில் சிப்பிக் காளான்

முதல் தடவை நான் போட்ட மூன்று காளான் படுக்கையும், அதாவது வைக்கோலும் வித்தும் அடைத்த பைகள், அழுகிப் போயின. பத்தாம் நாள் கதவைத் திறந்தால் புளித்த வாடை. பையின் அடியில் டீ நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. வித்து கொடுத்தவரைத்தான் திட்டினேன். இன்னும் இரண்டு படுக்கை வீணான பிறகுதான் தப்பு என் கையில் இருந்தது தெரிந்தது. வைக்கோலைச் சொட்டச் சொட்ட ஈரத்தோடு அடைத்திருக்கிறேன்.

வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் சிப்பிக் காளானில் தொடங்குவது நல்லது. மொட்டுக் காளானுக்கு மக்கவைத்த உரமும், காய்ப்புக் காலத்தில் 14 முதல் 18 டிகிரி குளிரும் வேண்டும். பால் காளான் 30 டிகிரி வெயில் காலத்தைத் தாங்கும், ஆனால் படுக்கை மேல் மண் போட வேண்டும். சிப்பிக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. வைக்கோல், வித்து, ஒரு பாலிதீன் பை, 20லிருந்து 28 டிகிரிக்குள் இருக்கிற ஓர் இருட்டு மூலை, இவ்வளவு போதும். என் மூலை மாடிப்படிக்கு அடியில் பழைய செருப்பெல்லாம் கிடந்த இடம்.

வைக்கோல் புதுசாக, மஞ்சளாக, காய்ந்து இருக்க வேண்டும். மழையில் நனைந்து கருத்ததை வாங்காதீர்கள். அதில் வேறு பூசணம் ஏற்கெனவே குடியேறியிருக்கும். இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். கத்தரிக்கோலால் ஒரு கிலோ நறுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, கட்டைவிரல் காய்த்துப் போய்விட்டது. நறுக்கியதைப் பச்சைத் தண்ணீரில் நாலைந்து மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, பெரிய பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீரில் முழுக்க அமுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். வைக்கோல் மிதக்கும், மேலே ஒரு தட்டும் கல்லும் வைத்தால்தான் அடங்கும். போட்டியிடுகிற பூசணங்களையும் பூச்சி முட்டைகளையும் ஒழிப்பதற்குத்தான் இந்தச் சூடு.

இனிமேல்தான் அந்தப் படுக்கைகள் கெட்ட இடம். வெந்த வைக்கோலைச் சுத்தமான துணியில் பரப்பி நிழலில் ஆறவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிடி எடுத்துப் பலமாகப் பிழியுங்கள். தண்ணீர் ஒழுகினால் இன்னும் ஆறட்டும். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வந்து நின்றுவிட்டு, உள்ளங்கை மட்டும் ஈரமானால் அதுதான் பதம். கணக்கில் சொன்னால் 60லிருந்து 65 சதவீத ஈரம். அதற்கு மேல் போனால் வைக்கோலுக்குள் காற்று இருக்காது. காளான் இழை மூச்சுவிடத் திணறும்போது பாக்டீரியா புகுந்துவிடும். சூடும் முழுக்கத் தணிந்திருக்க வேண்டும். கை பொறுக்கிற சூடுதானே என்று அவசரப்பட்டு வித்தைக் கலந்தால் அது வெந்து செத்துவிடும்.

வித்து என்பது வேகவைத்த தானியத்தின் மேல் காளான் இழை படர்ந்தது. வெள்ளை வெளேரென்று, தானியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நல்ல காளான் வாசம் வர வேண்டும். பச்சையோ கறுப்போ ஒரு புள்ளி தெரிந்தாலும், புளிப்பு வாடை அடித்தாலும் வேண்டாம். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோல் போட்ட படுக்கைக்கு 150 கிராம் வித்து தாராளம்.

12க்கு 24 அங்குலப் பையின் அடியைக் கட்டிவிட்டு, இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு வைக்கோல், மேலே ஒரு பிடி வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து என்று அடுக்குங்கள். வித்தை நடுவில் கொட்டாமல் பையின் ஓரத்தைச் சுற்றித் தூவுங்கள். காற்று அங்கேதான் வரும். ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் அழுத்துங்கள், இடைவெளி விட்டால் இழை தாண்டிப் போகச் சிரமப்படும். வாயை இறுக்கிக் கட்டி, பென்சில் நுழைகிற அளவில் சுற்றிலும் பத்துப் பதினைந்து ஓட்டை போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அப்புறம் பதினைந்திலிருந்து இருபது நாள் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். எனக்கு இதுதான் கஷ்டம். தினமும் பையைத் தூக்கிப் பார்த்து அமுக்கிக்கொண்டே இருப்பேன். மூன்றாம் நாள் வித்தைச் சுற்றிப் பஞ்சு போல வெள்ளை தெரியும். அது படர்ந்து பை முழுக்க வெளுத்து, கட்டி போல இறுகும். வெள்ளையாகத் தொடங்கி இரண்டே நாளில் பாசிப் பச்சையாகிற திட்டு வந்தால் அது பச்சைப் பூசணம். பையைத் திறக்காமல் அப்படியே வெளியே கொண்டுபோய்விடுங்கள். உள்ளே திறந்தால் அதன் தூள் மற்றப் படுக்கைகளுக்கும் பரவும். மெலிந்த காம்பில் சின்னக் குடை முளைத்து மறுநாள் மையாகக் கரைந்தால், அதுவும் ஈரம் அதிகம் என்று வைக்கோல் சொல்கிற சேதிதான். பிடுங்கி எறிந்துவிடுங்கள்.

பை முழுக்க வெளுத்ததும் பிளேடால் நாலைந்து இடத்தில் கீறிவிட்டு, வெளிச்சமும் காற்றும் ஈரமும் கொடுக்க வேண்டும். செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம் போதும், நேர் வெயில் ஆகாது. காற்றில் ஈரம் 80லிருந்து 90 சதவீதம் வேண்டும். அதற்கு நான் சுவரிலும் தரையிலும் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கு ஒன்றைத் தொங்கவிடுகிறேன். குண்டூசித் தலை போல மொட்டு வந்த பிறகு அதன் மேல் நேராகப் பீச்சினால் மஞ்சளாகிக் கருகிவிடும். ஈரம் போகக்கூடாதே என்று ஒருமுறை கதவிடுக்கில்கூட டேப் ஒட்டிவைத்தேன். விரல் நீளக் காம்பும் சட்டைப் பொத்தான் அளவுத் தலையுமாக வந்தது. காளானும் நம்மைப் போல கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அது சேர்ந்துவிட்டால் காம்பு காற்றைத் தேடி நீளும். காலையும் மாலையும் பத்து நிமிடம் கதவைத் திறந்துவைத்தேன், அடுத்த காய்ப்பில் தலை உள்ளங்கை அகலம் வந்தது.

மொட்டு தெரிந்த மூன்று நாலு நாளில் பறிக்கலாம். விளிம்பு இன்னும் கீழ்ப்பக்கம் லேசாக வளைந்திருக்கும்போதே கொத்தோடு பிடித்துத் திருகி எடுங்கள். விளிம்பு மேல்நோக்கி மடிந்து, கீழே மாவு தூவியது போல வெள்ளைப் பொடி தெரிந்தால் தாமதமாகிவிட்டது. அந்தப் பொடி காளான் இனம் பெருக்க உதிர்க்கிற வித்துத்தூள். மூடிய அறையில் தினம் சுவாசித்தால் இருமலும் ஒவ்வாமையும் வரும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி காய்க்கும். மூன்று காய்ப்பும் சேர்த்து ஒரு கிலோ வைக்கோலுக்கு எனக்கு 600 கிராம், நன்றாக வந்தால் 800 கிராம்.

சரி, சாப்பிட்டால் என்ன கிடைக்கும்? இறைச்சிக்குச் சமமான புரதம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உலர்த்திய காளானின் கணக்கு. பறித்த காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராம் பச்சைச் சிப்பிக் காளானில் புரதம் 3 கிராம் சொச்சம், நார்ச்சத்து 2 கிராம் சொச்சம், கொழுப்பு அரை கிராமுக்குள், மொத்தம் 33 கலோரி. புரதத்துக்காக மட்டும் இதை நம்பியிருக்க முடியாது. நயாசின் முதலான பி வைட்டமின்களும் பொட்டாசியமும்தான் இதன் நல்ல பக்கம். இன்னொன்று, காளானில் இருக்கிற எர்கோஸ்டிரால் என்ற பொருள் வெயில் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறும். நறுக்கியோ, தலைக்கு அடியில் இருக்கிற மடிப்புப் பக்கம் மேலே பார்க்கவோ வைத்து உச்சி வெயிலில் அரை மணி நேரம் காட்டிவிட்டுச் சமைக்கிறேன். பி12 இதில் பெயருக்குத்தான்.

பச்சையாகச் சாப்பிட வேண்டாம். காளானின் செல் சுவரில் கைட்டின் என்ற கடினமான நார்ப்பொருள் இருக்கிறது, வெந்தால்தான் வயிறு ஒத்துக்கொள்ளும். யூரிக் அமிலத் தொந்தரவு, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் இரண்டு கரண்டியோடு நிறுத்திப் பார்க்கலாம். சமைக்கும்போது அகன்ற வாணலியை நன்றாகக் காயவைத்து, நெரிசல் இல்லாமல் பரப்புங்கள். தண்ணீர் விடும், அது வற்றி ஓரம் சிவந்த பிறகுதான் எண்ணெயும் உப்பும். மிச்சத்தைக் காகிதப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். இறுக மூடிய பாலிதீனில் மறுநாளே வழவழப்பாகிவிடும்.

காய்ப்பு முடிந்த வைக்கோலை நான் செடிகளின் அடியில் கொட்டுகிறேன். போன மழைக்கு அந்தக் குவியலில் பளிச்சென்று ஒரு கொத்து முளைத்திருந்தது, பார்க்கச் சிப்பி மாதிரியே. "உன் காளான்தானே, பறித்துக்கொண்டு வா" என்றார் என் கணவர். மழைக்கு மண்ணில் எதுவும் முளைக்கும். கொல்கிற காளானின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், பூச்சி கடித்திருக்கிறது என்பதும் வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை என்பதும் எதற்கும் சாட்சி இல்லை. மண்வெட்டியால் புரட்டிப் புதைத்துவிட்டு, படிக்கு அடியில் இருந்த பையிலிருந்து ஒரு கொத்து பறித்துக்கொண்டு வந்தேன்.