மழை பேஞ்சா மட்டும் சார்ஜ் ஏறுன கார்

பெருந்துறைப் பக்கம் எங்க தோட்டத்துச் சாளையில எலக்ட்ரிக் காருக்குச் சார்ஜ் போட்டா, சிவப்பு லைட்டு எரிஞ்சு நின்னுரும். கோபியில மாமன் வீட்ல விடிய விடிய ஏறுது! மழை பேஞ்ச மறுநாள் இங்கயும் ஏறுச்சு. அங்கதான் பொறி தட்டுச்சுங்க.

மல்டிமீட்டரை 16 ஆம்பியர் பிளக்குல வெச்சேன். பேஸுக்கும் (கரண்ட் வர்ற கம்பி) நியூட்ரலுக்கும் (திரும்பிப் போற கம்பி) 228 வோல்ட், சரி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் (கசியற கரண்டை மண்ணுக்குள்ள இறக்கற கம்பி) 31! ரெண்டு மூணு இருந்தாத் தாவலை. எர்த் கோளாறுன்னா சார்ஜர் பாதுகாப்புக்காகத் தானாவே நிறுத்திக்கும்.

எர்த் கம்பி பொதைச்ச குழியைத் தோண்டுனா சித்திரை வெயில்ல மண்ணு புட்டாட்டம் உதிருது, ஈரம் இல்லாம எர்த் பிடிக்கலை; கம்பி முடிச்சுல பச்சைக் களிம்பு வேற. எலக்ட்ரீசியன் அண்ணன் கிளாம்பை மாத்தி, கரியும் உப்பும் போட்டு, நாலு குடம் தண்ணி ஊத்துனாரு. இப்ப 2 வோல்ட். வாராவாரம் முருங்கைக்கு ஊத்தற கையோட அப்பாரு அதுக்கும் ஒரு குடம் ஊத்தறாருங்க.