தூள் உறிஞ்சியின் இழுவை குறைந்ததும் நான் கண்ட காரணமும்

வீட்டின் பின்கட்டில் தேக்குப் பலகைகளை இழைக்கும்போது எழும் தூளை இழுத்துக்கொள்ளும் என் உறிஞ்சி, சில வாரங்களாக வலுவிழந்திருந்தது. வடிகட்டிதான் அடைத்திருக்கும் என்று எண்ணினேன். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியிருப்பதால், முகக்கவசம் அணிந்து, வடிகட்டியை முற்றத்தில் வைத்து, வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஊதிச் சுத்தம் செய்தேன். இழுவை மீண்டது, ஆனால் பத்தே நாளில் மறுபடி குறைந்துவிட்டது.

சைக்ளோன் பிரிப்பானைத் தாண்டி வடிகட்டிக்கு இவ்வளவு தூள் ஏன் போகிறது என்று அப்போதுதான் யோசித்தேன். சைக்ளோனுக்குள் சுழலும் காற்று தூளைச் சுவரோரம் ஒதுக்கி, கீழேயுள்ள வாளியில் விழச் செய்கிறது. வாளி மூடியில் சிறு கசிவு இருந்தாலும் அவ்வழியே புகும் காற்று, விழுந்த தூளை மறுபடி மேலே தூக்கிவிடும். கருவியை ஓடவிட்டு மூடியின் விளிம்பில் முகப்பவுடரைத் தூவியபோது, ஓரிடத்தில் அது சட்டென உள்ளிழுக்கப்பட்டது. (ஊதுவத்திப் புகை இன்னும் தெளிவாகக் காட்டும், மரத்தூளுக்கு அருகே நெருப்பை வைக்க எனக்குத் துணிவில்லை.) அங்கே ரப்பர் பட்டை இறுகி வெடித்திருந்தது. அதை உரித்துவிட்டு, கதவிடுக்கில் ஒட்டும் நுரைப்பட்டையைச் சுற்றிலும் ஒட்டினேன். இரண்டு மாதமாகியும் வடிகட்டியைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. வாளியை மட்டும் முக்கால் பங்கு நிறைவதற்குள் கொட்டிவிடுகிறேன்.