வாசலை மறிக்கும் பனிமேட்டுக்கு நான் கண்ட வழி

கனடாவின் ஸ்காபரோவில் பனிப்புயல் ஓய்ந்ததும் டிரைவ்வேயை, அதாவது வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கார் பாதையை, வழித்து முடித்திருப்பேன். பின்னாலேயே பனி தள்ளும் வண்டி வந்து, வாசலில் முழங்கால் உயர மேடு போட்டுவிட்டுப் போகும். சாலை உப்போடு குழைந்த பனி அது. இறுகிவிட்டால் ஷவல் இறங்காது, இடுப்பு விட்டுப்போகும்.

இப்போது தெருவைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம், அதாவது வண்டி வருகிற பக்கம், தெருவோரப் பனியையும் ஒரு கார் நீளத்துக்கு வழித்துவிடுகிறேன். வண்டியின் முன்தகடு தள்ளிவரும் பனியில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே கொட்டிவிடுகிறது. வாசலுக்கு மிச்சம்தான் வரும். வழித்ததை வலப்பக்கம் குவியுங்கள், தெருவில் தள்ளவே கூடாது.

படிக்கட்டுக்கு உப்புத் தூவுமுன் குளிரைப் பாருங்கள். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு பனியை அவ்வளவாகக் கரைக்காது. கால்சியம் குளோரைடு என்ற உப்பு கரைக்கும். அது கையில் இல்லையென்றால் மணல் போடுங்கள், பனி கரையாவிட்டாலும் கால் வழுக்காது.