வெளிநாட்டு முனைவர் ஆய்வு: பணம் வரும் வழியிலிருந்து தேடத் தொடங்குங்கள்

வெளிநாட்டில் நிதியுதவியோடு முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவோர் பலரும் பல்கலைக்கழகத் தரவரிசையைப் பார்த்தே தேடத் தொடங்குகிறார்கள். அதைவிடப் பயன் தருவது, அந்த நாட்டில் ஆய்வாளருக்குப் பணம் எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது. பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்திலிருந்து வருமானால் அவரிடமே செல்ல வேண்டும். துறையிலிருந்து வருமானால் சேர்க்கைக் குழுவிடம் செல்ல வேண்டும். தனி அறக்கட்டளையிலிருந்து வருமானால் சொந்த ஆய்வு முன்மொழிவும், ஏற்றுக்கொள்ள இசைந்த நெறியாளரும் முன்கூட்டியே வேண்டும்.

ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன், நார்வே ஆகிய நாடுகளில் முனைவர் ஆய்வு பெரும்பாலும் ஒரு வேலை. ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் உண்டு. வேறெந்தப் பணியையும் போலவே விளம்பரம் வெளியாகும். ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்செஸ் தளம், நெதர்லாந்தின் அகாடமிக் டிரான்ஸ்ஃபர், பிரிட்டனின் ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே ஆகியவற்றில் உங்கள் துறைச் சொற்களை இட்டு, புதிய அறிவிப்புகள் மின்னஞ்சலில் வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் விளம்பரங்களில் 'டிவி-எல் இ13, 65%' என்பது போன்ற குறிப்பைக் காணலாம். பொதுத்துறை ஊதிய ஒப்பந்தத்தின் 13ஆம் நிலையில், முழுநேரப் பணியின் 65 விழுக்காட்டுக்கு ஊதியம் என்பது அதன் பொருள். ஆய்வேடு எழுதும் உழைப்பு அந்த 65 விழுக்காட்டோடு நின்றுவிடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி க்யூரி முனைவர் வலையமைப்புகள் (பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து முனைவர் ஆய்வாளர்களைப் பணியமர்த்தும் திட்டங்கள்) நல்ல ஊதியம் தருபவை. ஆனால் பலரை விலக்கிவிடும் விதி ஒன்று அவற்றில் உண்டு: பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், ஆய்வு நடக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ படித்திருக்கவோ கூடாது. ஒரு நாட்டில் முதுகலை முடித்துவிட்டு அங்கேயே இந்த இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று திட்டமிடுவோர் இதை முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் நடைமுறை வேறு. அங்கே துறையே மாணவரைச் சேர்த்துக்கொள்கிறது; கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பணி வழியாகக் கல்விக் கட்டணத் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் கிடைக்கின்றன. பெரும்பாலான விண்ணப்பங்கள் டிசம்பரில் முடிவடைவதால், பரிந்துரைக் கடிதம் தருவோரிடம் செப்டம்பரிலேயே பேசிவிட வேண்டும். நிதியுதவி அளிக்க முன்வரும் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை பதிலளிக்க அவகாசம் தரும் பொது உடன்பாட்டில் இணைந்துள்ளன. அவசரப்படுத்தும் கடிதம் வந்தால் அதை நினைவூட்டலாம். பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்நாட்டவருக்கானதைவிட மிக அதிகம் என்பதால், 'முழு உதவித்தொகை' என்ற சொல்லை மட்டும் நம்பாமல், அந்த வேறுபாட்டை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். ஹாங்காங் முனைவர் நல்கைத் திட்டம், ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகை ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வில் நேரமே பெரிய தடை. பட்டம் பெற்ற நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை, தொடக்கநிலை ஆய்வாளர்களிடம் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறது. மரி க்யூரி திட்டத்தில் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வுக்கான நல்கைக்கு எட்டு ஆண்டுகள் வரை இடமுண்டு என்றாலும், அதன் விண்ணப்பங்கள் வழக்கமாகச் செப்டம்பரில் முடிவடைகின்றன. இரண்டுக்கும் ஏற்கும் பேராசிரியரின் இசைவு தேவை. நல்ல முன்மொழிவு எழுதச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதால், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே பேராசிரியருடன் பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

அந்த முதல் மின்னஞ்சலில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 'மதிப்பிற்குரிய பேராசிரியரே, தங்கள் பணிகள் என்னை ஈர்த்தன' என்ற கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் அது எல்லோருக்கும் அனுப்பிய கடிதம் என்று ஐம்பது பேருமே கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் எழுதும் பேராசிரியரின் ஒரு கட்டுரையை முழுமையாகப் படித்து, அதில் விடை காணாத ஒரு கேள்வியையும், அதை அணுக உங்களிடமுள்ள முறையையும் இரண்டு பத்திகளில் எழுதுங்கள். எந்த நல்கைக்கு, எந்தக் கெடுவுக்குள் சேர்ந்து விண்ணப்பிக்க எண்ணுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் தம் திட்ட நிதியிலிருந்து பணம் தேட வேண்டியதில்லை என்று தெரிந்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இடம் கிடைத்த பிறகு, ஏற்கும் முன் எழுத்து வடிவில் கேட்க வேண்டியவை சில உண்டு. உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, கோடை மாதங்களிலும் அது வருமா, மருத்துவக் காப்பீட்டை யார் செலுத்துவார்கள், பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினாலோ திட்ட நிதி நின்றாலோ என்ன நடக்கும் என்பவை அவை. இடம் தருவதற்கு முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களை அறவே ஒதுக்குங்கள். இதே கேள்விகளை அந்த ஆய்வுக் குழுவில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரிடம் தனியாகக் கேட்டால், அலுவலகக் கடிதத்தில் இல்லாத பதில்கள் பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.