ஒரு பக்கம் ஒதுங்கிய பின்சக்கர அச்சு: என் அனுபவம்

என் 1970 செவர்லே சி-10 பிக்கப்பின் பின்புறம் லீஃப் பட்டைகள் (அடுக்கடுக்கான எஃகு ஸ்பிரிங் பட்டைகள்) கிடையாது. சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், நடுவிலிருந்து பின்னோக்கி வரும் இரண்டு நீண்ட கைகளும் காயில் (சுருள்) ஸ்பிரிங்குகளுமே அச்சைத் தாங்குகின்றன. பந்தயக் கார்களே பின்னாளில் எடுத்துக்கொண்ட அமைப்பு அது. அதனால்தான் இந்த வண்டியின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

பின்புறத்தை 4 அங்குலம் தாழ்த்தக் குட்டையான ஸ்பிரிங் மாட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மட்கார்டை உரசும் அளவுக்கு நெருங்கிவிட்டது. மறுபக்கம் நான்கு விரல் நுழைந்தன. காரணம் பான்ஹார்ட் ராட், அதாவது அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைக்கும் குறுக்குக் கம்பி. ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை அச்சிலும் இருப்பதால், வண்டி இறங்கும்போது அது வட்டப்பாதையில் நகர்ந்து அச்சையும் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. ராட் குட்டையாக இருந்தால் தள்ளுதலும் அதிகம்.

நீளமான, திருகி அளவை மாற்றக்கூடிய ராட் வாங்கினேன். வண்டி சக்கரங்களில் நிற்கும்போது அது தரைக்கு இணையாக இருக்கும்படி பொருத்தி, இருபுறமும் இடைவெளி சமமாகும் வரை திருகினேன்.

இணைப்புகளில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் பழைய ரப்பர் புஷ்கள் வெடித்துப் பொடிந்திருந்தன, அவற்றையும் மாற்றினேன். இங்கே அவசரம் வேண்டாம். ஜாக்கியில் அச்சு தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுக்கினேன். தாழ்ந்த உயரத்துக்கு ஏற்ற குட்டை ஷாக் அப்சார்பர்களையும் மாட்டினேன்.

இப்போது வளைவுகளில் பின்பக்கம் அலைபாய்வதில்லை.