முட்டைக்குள் எலும்புச் சாரம்: சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடல் திசுவோடு வினைபுரியும் உயிர்வினைக் கண்ணாடிப் பீங்கானால் செய்த எலும்புச் சாரத்தை, அதாவது புது எலும்பு பற்றி வளர்வதற்கான தாங்குசட்டத்தை, கோழிக் கருவில் சோதிக்க விரும்பும் கோவை, ஈரோட்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு முதல் சறுக்கல் முட்டை வாங்கும் இடத்திலேயே நேர்கிறது. நாமக்கல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கிருந்து இரண்டு அட்டை முட்டை வாங்கி வந்து 37.5 டிகிரி செல்சியஸில் அடை வைத்தால் அத்தனையும் கூமுட்டையாகத்தான் போகும். முட்டைக்காகக் கோழி வளர்க்கும் பண்ணைகளில் சேவலுக்கு வேலையில்லை. குஞ்சு பொரிப்பதற்கென்றே சேவலோடு தாய்க்கோழி வளர்க்கும் பண்ணையை நாட வேண்டும். பேருந்தில் குலுங்கி வந்த முட்டைகளை அகன்ற முனை மேலிருக்குமாறு சில மணி நேரம் அசையாமல் வைத்த பிறகே அடைகாப்பானில் வைப்பது நல்லது.

மூன்றாம் நாளில் இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை ஊசியால் உறிஞ்சிக் கருவைக் கீழிறக்கிய பிறகு ஓட்டில் சன்னல் வெட்டுவார்கள். அப்போது சிந்தும் ஓட்டுத்தூளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஓட்டின் உட்புறம் கரு மூச்சுவிட உதவுவதும், சாரத்தை வைக்கும் இடமுமான மூச்சுச் சவ்வில் ஒரு துகள் தங்கினாலும் அதன் எரிச்சலால் இரத்த நாளங்கள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல அதைச் சுற்றித் திரளக்கூடும். அந்தப் பெருமை பிறகு சாரத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. சாரம் வைக்காமல் சன்னல் மட்டும் வெட்டிய முட்டைகளையும் அதே தட்டில் அடை வைத்தால்தான் இந்த மயக்கம் தெளியும்.

இவற்றைவிடப் பெரிய தவறு, சாயம் பிடித்ததையெல்லாம் எலும்பு என்று எழுதுவது. 1969-இல் லாரி ஹென்ச் உருவாக்கிய 45எஸ்5 என்ற உயிர்வினைக் கண்ணாடியில் எடையளவில் 24.5 சதவீதம் கால்சியம் ஆக்சைடும் 6 சதவீதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடும் உள்ளன. செல் ஒன்றுகூட இல்லாத உப்புக்கரைசலில் ஊறவைத்தாலே அதன் மேல் அபடைட் என்ற, எலும்பில் உள்ளதைப் போன்ற கால்சியம் பாஸ்பேட் தாது படியும். எலும்பைக் காட்டப் பயன்படும் சாயமுறைகளில் அலிசரின் சிவப்பு கால்சியத்தையும் வான் கோசா பாஸ்பேட்டையும்தான் பிடிக்கின்றனவே தவிர, அவை எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, ஓட்டின் சுண்ணாம்பைக் கரைத்துக் கருவுக்குக் கொண்டு சேர்ப்பதும் அதே சவ்வின் வேலைதான். ஆகவே கருவில்லாமல் கரைசலில் ஊறிய சாரத்தையும் அதே நாளில் வெட்டிச் சாயமேற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாளம் வளர்ந்தது வேறு, எலும்பு வளர்ந்தது வேறு. எலும்பைப் பற்றிப் பேச வேண்டுமானால், கோழிக் கருவின் தொடையெலும்பைப் பிரித்தெடுத்து, அதில் சிறு பள்ளமிட்டுச் சாரத்தைப் பொருத்தி, கொலாஜன் என்ற புரத இழை வலைக்குள் எலும்புச் செல்கள் அமர்ந்திருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் தேடுவதே முறை.

சாரத்தை நீராவியில் கிருமி நீக்கினால் அதன் மேற்பரப்பு முட்டைக்குள் போகும் முன்பே வினைபுரியத் தொடங்கிவிடும் என்பதால் உலர்வெப்பம் மேல். ஒரே முட்டையில் நான்கு துண்டுகளை வைத்தாலும் கணக்கில் அது ஒரு முட்டைதான். இடையில் இறந்த கருக்களையும், எந்த நாளில் இறந்தன என்பதோடு, அதே பதிவேட்டில் எழுத வேண்டும். எங்கள் பக்கத்துக் கோடையில் மின்சாரம் நின்ற நேரத்தையும் அதன் அருகிலேயே குறித்து வைத்தால், சாரம் கொன்றதா, சூடு கொன்றதா என்று பின்னர் பிரித்தறியலாம்.