முதல் கேமிங் பிசி: எந்தப் பாகத்தை முதலில் முடிவு செய்வது, எது எதனோடு பொருந்தும்

கேமிங் பிசிக்குப் பட்டியல் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே பிராசசரின் பெயரை எழுதிவிடுகிறார்கள். அந்த இடத்தில் இருக்க வேண்டியது மானிட்டர். திரையில் எத்தனை பிக்சல், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற இரண்டு எண்கள் முடிவானால் மீதிப் பட்டியலில் பாதி தானாகவே எழுதப்பட்டுவிடும்.

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் சுமார் 83 லட்சம், அதாவது 1080பி-யைப் போல் சரியாக நான்கு மடங்கு. இந்தச் சுமை கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழும். ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு, வேறு. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃபிரேம் தயாராக 16.7 மில்லிநொடி அவகாசம் உண்டு. 144 ஹெர்ட்ஸுக்கு 6.9, 240 ஹெர்ட்ஸுக்கு 4.2 மட்டுமே. யார் எங்கே நிற்கிறார், எந்தத் தோட்டா எதில் பட்டது என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசசர். 4கே-யில் 60 ஃபிரேமும் 1080பி-யில் 240 ஃபிரேமும் நொடிக்கு ஒரே அளவு பிக்சல்கள்தான். ஆனால் பின்னதில் பிராசசருக்கு நான்கு மடங்கு வேலை. வேகமே முக்கியமான போட்டி கேமான வாலரன்ட் ஆடுபவருக்கும் காட்சிகள் கனமான சைபர்பங்க் 2077 ஆடுபவருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

முதல் பிசிக்கு 1440பி, 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலான 27 அங்குலத் திரை நல்ல இலக்கு. பணம் இடம் தராவிட்டால் 24 அங்குல 1080பி. 4கே-யை அடுத்த பிசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈடுகொடுக்கும் கார்டின் விலை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டு

மானிட்டரைத் தவிர்த்த மொத்தத் தொகையில் 35 முதல் 45 சதவீதத்தை இதற்கு ஒதுக்குங்கள். கார்டின் வேகத்தைப் போலவே அதன் நினைவகமும் முக்கியம். 8 ஜிபி என்பது இன்று 1080பி-க்கே இறுக்கமான அளவு. 1440பி-க்கு 12 ஜிபி, முடிந்தால் 16 ஜிபி. நினைவகம் நிரம்பிவிட்டால் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். ஆனால் புதிய பகுதிக்குள் நுழையும்போதெல்லாம் படம் திக்கும், சுவரின் டெக்ஸ்சர் (மேல்பரப்புப் படம்) மங்கலாகவே நிற்கும். எண்ணைப் பார்த்தால் நன்றாக ஓடுவது போலிருக்கும், கண்ணுக்கு ஓடாது.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவது ஆபத்து. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையாக வருகின்றன; பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையில் குறைந்தது நினைவகம் மட்டுமல்ல, கோர்களும் 2560-இலிருந்து 2304 ஆகக் குறைந்தன.

ஒரே சிப்பை வைத்துப் பல கம்பெனிகள் செய்யும் கார்டுகளுக்கு இடையே எஃப்பிஎஸ் வித்தியாசம் மிகச் சிறிது. சத்தம், சூடு, நீளம், உத்தரவாதம் ஆகியவற்றில்தான் மாறும். விலை கூடிய பதிப்புக்குச் செலவழிக்கும் பணத்தை அடுத்த நிலைச் சிப்புக்குப் போட்டால் பலன் அதிகம்.

பிராசசரும் மதர்போர்டும்

இந்த இரண்டையும் ஒன்றாகவே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்தான் இரண்டையும் கட்டிப்போடுகிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை ஏஎம்டி-யின் ஏஎம்5. 2022-இல் வந்த இந்தச் சாக்கெட்டில் டிடிஆர்5 ரேம் (டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறை) மட்டுமே பொருந்தும். பின்னாளில் போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வழியுண்டு. பட்ஜெட் மிகவும் இறுக்கம் என்றால் ஏஎம்டி-யின் முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600 பிராசசரும் டிடிஆர்4 ரேமும் இன்னும் கௌரவமான கூட்டணி. இன்டெலில் எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டுகள் சில டிடிஆர்4, சில டிடிஆர்5. ஒன்றுக்கு வாங்கிய ரேம் மற்றதில் ஏறவே ஏறாது, நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்ரக பிராசசர் வாங்கினால் பயாஸைப் (போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பிக்காமல் கேம் ஆடாதீர்கள். அதிக மின்னழுத்தத்தால் அவை நிலைகுலைவதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி-யின் ரைசன் 5 7500எஃப்-உம் அப்படியே. ரைசன் 5 7600-இல் சிறிய கிராஃபிக்ஸ் உண்டு, கூலரும் பெட்டியிலேயே வரும். 7600எக்ஸ்-இல் கூலர் வராது. உள்ளே ஒரு சிறு கிராஃபிக்ஸ் இருப்பதன் அருமை, கார்டு பழுதாகும் நாளில் தெரியும்: குற்றவாளி கார்டா போர்டா என்பதைக் கேபிளை மாற்றிச் செருகியே கண்டுபிடித்துவிடலாம்.

எக்ஸ்3டி என்று முடிபவை வேறு ரகம். ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது. 7600-இல் 32 எம்பி. கேமுக்கு அடிக்கடி தேவைப்படும் தரவு ரேம்வரை போய் வராமல் பக்கத்திலேயே கிடைக்கிறது. 240 ஹெர்ட்ஸ் திரைக்காரருக்கு இது உண்மையான பலன். 1440பி-யில் நடுத்தரக் கார்டு வைத்திருப்பவர் அந்தப் பணத்தைக் கார்டில் போடுவதே மேல்.

ஏஎம்5 மதர்போர்டில் பி650 அல்லது பி850 சிப்செட் போதும். அலங்கார விளக்குகளைப் பார்ப்பதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். வைஃபை உள்ளதா? எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டாவது உண்டா? கேபினெட்டின் முன்பக்க டைப்-சி-க்கான இணைப்பு போர்டில் இருக்கிறதா? பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா? கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். பி650 போர்டு ரைசன் 9000 வரிசைக்கு முன்பே வந்தது. கிடங்கில் பழைய பயாஸோடு கிடந்த போர்டில் ரைசன் 5 9600எக்ஸ் ஏற்றினால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். ஃபிளாஷ்பேக் இருந்தால் பிராசசரே இல்லாமல், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கலாம். கோப்புக்குக் கையேடு சொல்லும் பெயரையே வைக்க வேண்டும், குறியிட்ட யுஎஸ்பி துளையிலேயே செருக வேண்டும்.

ரேம் லேபிளைப் படிப்பது எப்படி

டிடிஆர்5-6000, சிஎல்30, 2×16 ஜிபி என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். 6000 என்பது வேகம். சிஎல்30 என்பது கேட்ட தரவு வரத் தொடங்க எத்தனை சுற்று காத்திருக்க வேண்டும் என்ற எண். அதை நேரமாக மாற்ற, சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள்: 30 × 2000 ÷ 6000 = 10 நானோநொடி. அதே 6000 வேகத்தில் சிஎல்40 என்றால் 13.3. இரண்டு பெட்டியிலும் பெரிய எழுத்தில் 6000 என்றுதான் இருக்கும். காத்திருப்பில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஏஎம்5-க்கு 6000 சிஎல்30 சரியான இடம்.

32 ஜிபி-யை இரண்டு 16 ஆகவே வாங்குங்கள். ஒற்றைக் குச்சியாக வாங்கினால் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே உள்ள பாதை பாதியாகும். நான்கு குச்சிகளைப் போட்டால் டிடிஆர்5 அறிவித்த வேகத்தில் நிற்காமல் போக வாய்ப்பு அதிகம். இன்று இரண்டு, பிறகு இரண்டு என்ற திட்டம் டிடிஆர்4 காலத்தில் ஓரளவு ஓடியது. டிடிஆர்5-இல் அது ஏமாற்றத்தில்தான் முடியும்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: 1 டிபி, என்விஎம்இ (எம்.2 ஸ்லாட்டில் ஏறும் வேகமான வகை), 4-ஆம் தலைமுறை, டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) வகை. விண்டோஸில் 931 ஜிபி என்றே காட்டும், குறைபாடல்ல. எண்ணும் முறை வேறு. கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட்) வகை மலிவு, ஆனால் பாதிக்கு மேல் நிரம்பியபின் பெரிய கேமை இறக்கும்போது எழுதும் வேகம் சரிந்துவிடும். 5-ஆம் தலைமுறைக்குக் கூடுதலாகக் கொடுத்தால் கேமில் உணரும்படி எதுவும் திரும்பி வராது.

பவர் சப்ளை

எஃப்பிஎஸ்-ஐ ஒன்றுகூடக் கூட்டாத பாகம் என்பதால் பலர் மிச்சம் பிடிப்பது இங்கேதான். தயவுசெய்து இங்கே பிடிக்காதீர்கள். மற்ற எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தருவது இது ஒன்றுதான். போகும்போது தனியாகப் போகும் என்று சொல்ல முடியாது.

கணக்கு எளிது. ஆர்டிஎக்ஸ் 5070 கார்டுக்கு 250 வாட். ரைசன் 5 7600 பிராசசர் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் முழுச் சுமையில் 88 வாட் வரை இழுக்கும். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு 75 வையுங்கள். மொத்தம் 413. கார்டுகள் சில மில்லிநொடிகளுக்கு இதைவிட வெகு உயரம் குதிக்கும். மலிவான சப்ளை அந்தக் குதிப்பில் தன்னைப் பாதுகாக்க அணைந்துவிடும், கேமின் நடுவில் பிசி பட்டென்று நிற்கும். ஆகவே 650 வாட் குறைந்தபட்சம், 750 நிம்மதி. ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று குறித்தவை இந்தக் குதிப்புகளைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 80 பிளஸ் கோல்டு என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே. தரத்துக்கு அது உத்தரவாதமல்ல. அந்தக் குறிப்பிட்ட மாடலைப் பிரித்துச் சோதித்த விமர்சனத்தைத் தேடிப் படியுங்கள்.

கேபிள்களில் இரண்டு எச்சரிக்கைகள். பிராசசருக்கான 8 பின் கேபிள் 4+4 ஆகப் பிரியும். கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நேர்மின், எதிர்மின் இடம் மாறியவை. திணித்தால் ஏறும் என்று திணிக்காதீர்கள். இரண்டாவது, மாடுலர் (கேபிள்களைக் கழற்றக்கூடிய) சப்ளையின் கேபிளை வேறொரு சப்ளையில் செருகவே கூடாது. சப்ளை பக்கத்து முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. துளையில் அழகாகப் பொருந்தி, எஸ்எஸ்டி-யையோ போர்டையோ ஒரே நொடியில் எரித்துவிடும். கார்டின் 16 பின் இணைப்பு என்றால் கடைசிவரை அழுத்துங்கள், இடைவெளி ஒரு மி.மீ. கூடத் தெரியக்கூடாது. பாதி செருகிய இணைப்பு சூடாகி உருகலாம்.

கேபினெட்டும் கூலரும்

முன்பக்கம் வலையாக இருக்கட்டும். முழுக் கண்ணாடி முகப்பு காற்றை அடைத்துவிடும். முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இது போதும்.

அளவுகளை எழுதி ஒப்பிடுங்கள். கார்டு 304 மி.மீ., கேபினெட் 340 மி.மீ. இடம் தருகிறது என்றால் நிம்மதிதான். ஆனால் முன்னால் வாட்டர் கூலரின் ரேடியேட்டரைப் பொருத்தினால் ரேடியேட்டர் 27, விசிறி 25, ஆக 52 மி.மீ. போய்விடும், மீதி 288, கார்டு ஏறாது. காற்றுக் கூலரின் உயரம் பெரும்பாலும் 155 முதல் 160. கேபினெட்டின் அனுமதி அதைவிட ஐந்து மி.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். விளக்கு வைத்த உயரமான ரேம் கூலரின் விசிறியில் இடிக்கும், அதையும் பாருங்கள். 7600-க்கோ 7800எக்ஸ்3டி-க்கோ நல்ல காற்றுக் கூலர் போதும். வாட்டர் கூலர் அவசியமில்லை.

பூட்டியபின் முதல் ஒரு மணி நேரம்

ரேம் இரண்டும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். கூலரின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். உரிக்காவிட்டால் சில நிமிடங்களில் 95 டிகிரியைத் தொடும்.

ஏஎம்5 போர்டை முதன்முதலில் இயக்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாக இருக்கும், ரேம் விளக்கு எரியும். பயந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். படம் வந்ததும் பயாஸில் ரேமை அறிவித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போவை இயக்குங்கள் (இன்டெலில் எக்ஸ்எம்பி). செய்யாவிட்டால் 6000-க்குப் பணம் கொடுத்த ரேம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் கேபிள் போர்டின் துளையில் அல்ல, கார்டின் துளையில் இருக்க வேண்டும். விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் ஹெர்ட்ஸை நீங்களே மாற்றுங்கள். 165 ஹெர்ட்ஸ் திரையும் தொடக்கத்தில் 60-லேயே நிற்கலாம்.